அடங்காத மாணவரும் நமது பள்ளிகளும்

திருச்சபையின் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் தாளாளராகப் பணியாற்றும் ஆயர் ஒவ்வொருவருடைய மேசைக்கும் என்றேனும் ஒருநாள் ஒரு கோப்பு வந்து சேரும். தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று, ஆசிரியர் இருவர் மூவரின் முறையீடுகள், மாணவன் எழுதிக் கையொப்பமிட்ட மன்னிப்புக் கடிதங்கள் சில ஆகியவை அதில் அடுக்கப்பட்டிருக்கும். இறுதியாக, மாற்றுச் சான்றிதழ் வழங்கி அவனை அனுப்பிவிட ஒப்புதல் கோரும் குறிப்பு ஒன்று இருக்கும். 'இப்பையனை இனி வைத்துக்கொள்ள இயலாது' என்பதே அக்கோப்பின் சாரம்.

இக்குறிப்பில் கையொப்பமிடுவது எளிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாயின் வேறொரு பள்ளியில் இடம் தேடிக்கொள்வான். ஆனால் தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்தத் தாள், பெரும்பாலும் கல்வியின் முடிவாகவே அமைந்துவிடுகிறது. ஒரு பட்டறையோ, உணவு விடுதியோ, கட்டட வேலையோ அவனை ஏற்றுக்கொள்கிறது. பிறர் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டவை நமது பள்ளிகளுள் பல என்பதை எண்ணிப்பார்க்கும்போது, இக்கையொப்பத்தின் சுமையை நாம் உணராதிருக்க முடியாது.

மறுபுறத்தையும் நாம் மறந்துவிடலாகாது. ஐம்பது பிள்ளைகள் அமர்ந்துள்ள வகுப்பில் ஒருவன் நாள்தோறும் குழப்பம் விளைவித்தால் ஏனைய நாற்பத்தொன்பது பேரின் கல்வி பாதிக்கப்படுகிறது. ஆசிரியரும் மனிதரே, அவமதிப்பும் களைப்பும் அவருக்கும் உண்டு. எனவே 'பொறுமையாயிருங்கள்' என்ற அறிவுரை மட்டும் ஆசிரியருக்கு உதவியாகாது. அவர் கையில் ஒரு வழிமுறையைக் கொடுத்தாக வேண்டும். அத்தகைய வழிமுறை ஒன்றை விளக்குவதும், அதில் ஆயரின் பங்கு யாது என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் அதன் பொருளும்

அடம், முரட்டுத்தனம், கீழ்ப்படியாமை எனப் பல பெயர்களால் நாம் குறிப்பிடும் இந்நிலைமையைக் கல்வியாளர்கள் இன்று 'சவாலான நடத்தை' என்று அழைக்கின்றனர். இச்சொல்வழக்கு 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், அறிவு வளர்ச்சியில் குறைபாடுடையோருக்குப் பணியாற்றியவர்களிடையே பரவியது. பெயரை மாற்றியதில் ஒரு நோக்கம் இருந்தது. 'கெட்ட பிள்ளை' என்னும்போது கோளாறு முழுவதும் பிள்ளைக்குள் இருப்பதாகப் பொருள்படும். 'சவாலான நடத்தை' என்னும்போதோ, அந்நடத்தை நமக்கு, நம் நிறுவனத்திற்கு, ஒரு சவாலை விடுக்கிறது என்றாகிறது. விடை தேடும் கடமை நம்முடையதாகிறது.

ஓயாது கூச்சலிடுபவன் மட்டுமே இவ்வகையைச் சார்ந்தவன் அல்லன் என்பதையும் குறிப்பிட வேண்டும். எவரோடும் பேசாது ஒதுங்கி, பாடத்தில் பங்குகொள்ள மறுத்து, அடிக்கடி தலைவலியென்று வீட்டிற்குச் சென்றுவிடும் சிறுமியின் நடத்தையும் இதே கவனத்தை வேண்டி நிற்பதாகும். அவள் எவருக்கும் தொந்தரவு தராததால் அவளைப் பற்றிய கோப்பு தாளாளரிடம் வருவதே இல்லை.

2. நடத்தைக்கு ஒரு பயன் உண்டு

ஒரு நடத்தை மீண்டும் மீண்டும் நிகழ்கிறதெனில், அது அப்பிள்ளைக்கு ஏதோ ஒன்றைப் பெற்றுத் தருகிறது என்று கொள்ள வேண்டும். இதுவே இத்துறையின் அடிப்படை உண்மை. அவ்வாறு கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, கடினமான அல்லது அச்சம் தரும் ஒன்றிலிருந்து தப்பித்தல். இரண்டாவது, பிறருடைய கவனத்தைப் பெறுதல்; புகழ்ச்சி கிட்டாத பிள்ளைக்கு வசையும் ஒரு கவனமே. மூன்றாவது, விரும்பும் பொருளையோ வாய்ப்பையோ அடைதல். நான்காவது, உடலின் புலனுணர்வு சார்ந்த நிறைவு அல்லது ஆறுதல். ஆட்டிசம் உள்ள பிள்ளை உடலை ஆட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இவ்வகையினது.

எடுத்துக்காட்டாக ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் எட்டாம் வகுப்பில் பயில்கிறான். சபை நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறான். ஆங்கில வகுப்பில் முன்னால் அமர்ந்திருப்பவனின் முதுகில் பேனாவால் குத்துகிறான். ஆசிரியர் அதட்டினால் எதிர்த்துப் பேசுகிறான். சில நாள்களில் புத்தகத்தையும் வீசி எறிகிறான். ஆசிரியர் அவனை வகுப்பிற்கு வெளியே நிற்க வைக்கிறார். மறுநாளும் அதே நிகழ்ச்சி, அதே தண்டனை. 'எத்தனை முறை தண்டித்தாலும் இவனுக்கு உறைக்கவில்லை' என்பது ஆசிரியரின் முறையீடு.

இப்போது அவ்வகுப்பைச் சற்று உற்று நோக்குவோம். ஆங்கில வகுப்பில் மாணவர் ஒவ்வொருவராக எழுந்து பாடத்தை உரக்க வாசிப்பது வழக்கம். நம் மாணவனுக்கோ எழுத்துக்கூட்டி வாசிப்பதே கடினம். வாசிக்கத் தெரியாதவன் என்று வகுப்பின் முன் வெளிப்படுவதைவிட, அடங்காதவன் என்று பெயரெடுப்பது அவனுக்கு மேலானதாகத் தோன்றுகிறது. தன் முறை வருமுன் அவன் குழப்பம் செய்கிறான். ஆசிரியர் வெளியே அனுப்புகிறார். வாசிக்கும் இடரிலிருந்து அவன் தப்பிவிடுகிறான். ஆசிரியர் தண்டனை என்று எண்ணிக் கொடுப்பதே அவன் நாடிய பரிசாக அமைகிறது. தண்டனை பலிக்காததற்குக் காரணம் அவனுடைய மனக்கடினம் அன்று. வாசிக்க இயலாமை என்ற நோயைத் தொடாமல், அதிலிருந்து தப்ப அவன் கண்ட வழியைத் தண்டனை மேலும் உறுதிப்படுத்துவதே காரணம்.

இக்கருத்து வெறும் ஊகம் அன்று. 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகள் நால்வரை அவர்கள் ஆராய்ந்தனர். பாடம் கடினமானபோது குழப்பம் செய்த பிள்ளைக்கு, உதவி கேட்கும் ஒரு சிறு வாக்கியத்தைக் கற்பித்தனர். ஆசிரியரின் கவனம் குறைந்தபோது குழப்பம் செய்த பிள்ளைக்கு, தன் வேலை நன்றாயிருக்கிறதா என வினவும் வாக்கியத்தைக் கற்பித்தனர். குழப்பம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் கற்பித்த வாக்கியம் அப்பிள்ளையின் தேவைக்குப் பொருந்தியபோது மட்டுமே அது குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தைக் கற்பித்தபோது பயன் விளையவில்லை. எனவே, தேவையை அறியாமல் தரும் மருந்து எவ்வளவு அன்போடு தரப்பட்டாலும் பலிப்பதில்லை என்று அறிகிறோம்.

3. பதிவேடு எழுதுதல்

தேவையை அறிவது எவ்வாறு? இதற்கு நிபுணர் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகளை வரைந்துகொண்டால் போதும். குழப்பத்திற்கு முன் என்ன நிகழ்ந்தது, மாணவன் என்ன செய்தான், அதன்பின் என்ன நிகழ்ந்தது என்பவையே அம்மூன்று பத்திகள். நாள், நேரம், பாடவேளை, அருகிலிருந்தோர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரங்கள் விடாமல் எழுதினால் ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கும்.

எழுதும் முறையில் கவனம் வேண்டும். 'திமிராக நடந்துகொண்டான்' என்று எழுதுவது தீர்ப்பேயன்றிப் பதிவன்று. 'ஆசிரியர் பெயரை அழைத்ததும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்ததும் புத்தகத்தைக் கீழே போட்டான்' என்று எழுதுவதே பதிவாகும். நாம் மேலே கண்ட மாணவனின் பதிவேட்டில் குழப்பங்களுள் பெரும்பாலானவை உரக்க வாசிக்கும் வேளையில் நிகழ்ந்தன என்றும், விளையாட்டு வேளையிலும் ஓவிய வகுப்பிலும் ஒன்றுகூட இல்லை என்றும் தெரியவரக்கூடும். 'எப்போதும் இப்படித்தான்' என்ற சொல் அந்நோட்டுப் புத்தகத்தின் முன் நிற்காது.

உடனடிக் காரணங்களோடு பின்னணிக் காரணங்களையும் நோக்க வேண்டும். பிள்ளை இரவில் உறங்கினானா? வீட்டிலிருந்து என்ன செய்தி வந்தது? கண்பார்வையும் செவிப்புலனும் சோதிக்கப்பட்டனவா? கரும்பலகை தெரியாத பிள்ளையும், ஆசிரியரின் குரல் சரியாய்க் கேட்காத பிள்ளையும் கவனமற்றவர் என்று பெயர் பெறுவது நம் பள்ளிகளில் அரிதன்று. பசியும் ஒரு காரணமே. தமிழக அரசு 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை 2024இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது. அது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென அமைந்தது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் வெறும் வயிற்றோடு வருபவர் எத்தனை பேர் என்பதை நம் சபைகள் கேட்டறிய வேண்டும்.

கற்றல் குறைபாடு, கவனக்குறைவோடு கூடிய மிகையியக்கம், ஆட்டிசம் முதலியவை ஐயத்திற்குரியனவாகத் தோன்றினால் உரிய மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். சான்று பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில் சலுகைகளும் உண்டு. சோம்பேறி என்று நாம் பெயரிட்ட பிள்ளை, சட்டத்தின் பார்வையில் உதவிக்கு உரிமையுடைய பிள்ளையாக இருக்கக்கூடும்.

4. செய்யவேண்டியவை

பதிவேட்டிலிருந்து ஒரு திட்டம் பிறக்க வேண்டும். அத்திட்டம் முப்பகுதிகளை உடையதாயிருத்தல் நலம்.

முதற்பகுதி, தடுத்தல். குழப்பத்திற்கு வித்திடும் சூழ்நிலையை முன்கூட்டியே மாற்றுவது இது. நம் மாணவனைத் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தலாம். மறுநாள் அவன் வாசிக்கவேண்டிய நான்கு வரிகளை முந்தின மாலையே காட்டி, விடுதியில் பயிற்சி செய்யச் சொல்லலாம். அவனது இருக்கையை ஆசிரியருக்கு அருகில் மாற்றலாம். ஆனால் அதைத் தண்டனை போலச் செய்யலாகாது.

இரண்டாம் பகுதி, கற்பித்தல். குழப்பம் செய்து பெற்றதை முறையான வழியில் பெறக் கற்பிப்பது இது. 'ஐயா, இது எனக்கு விளங்கவில்லை' என்று சொல்ல அவனுக்குத் துணிவு வர வேண்டும். பிறர் முன் சொல்ல வெட்கப்பட்டால், மேசையின் ஓரத்தில் ஓர் அட்டையை வைப்பது அடையாளமாயிருக்கலாம். அவ்வடையாளத்தைக் கண்டதும் ஆசிரியர் தவறாது உதவ வேண்டும். இல்லையெனில் அவன் பழைய வழிக்கே திரும்புவான். இத்துடன் அடிப்படைக் குறையான வாசிப்பைச் சீர்படுத்த நாளொன்றுக்கு இருபது நிமிடமாவது தனிப் பயிற்சி தேவை. இதுவே திட்டத்தின் உயிர்நிலை. இஃதின்றி ஏனைய யாவும் ஒப்பனையே.

மூன்றாம் பகுதி, மறுமொழி. நல்ல நடத்தையை உடனுக்குடன், குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுதல் வேண்டும். 'நல்ல பையன்' என்பதைவிட, 'இன்று கோபம் வந்தபோதும் கேட்டுவிட்டுப் போனாயே, அது நன்று' என்பது பயன் தரும். சிறு குழப்பங்களை இயன்றவரை பொருட்படுத்தாது விட்டுவிட்டு, பெரியவற்றிற்கு மட்டும், முன்னரே அறிவித்த பின்விளைவை அமைதியாக நிறைவேற்ற வேண்டும். அப்பின்விளைவு செய்த தீங்கைச் சீர்செய்வதாய் அமைதல் நலம். கிழித்த புத்தகத்தை ஒட்டித் தருவதில் பொருள் உண்டு. வெயிலில் முழங்காலிடுவதில் பொருளில்லை.

இவற்றோடு ஒரு மனிதரின் துணையும் தேவை. பள்ளியில் ஒருவர், அவர் ஆசிரியராயினும் அலுவலகப் பணியாளராயினும், நாள்தோறும் காலையில் அவனைப் பெயர் சொல்லி அழைத்து இரண்டு நிமிடம் பேசவும், மாலையில் அந்நாள் எவ்வாறு கழிந்தது என விசாரிக்கவும் அமர்த்தப்பட வேண்டும். இலண்டன் மாநகரின் ஹாக்னி பகுதியில் மார்ஜரி பாக்ஸால் என்ற கல்வி உளவியலாளர் 1969-70இல் தொடங்கிய சிறு குழு வகுப்புகள் இந்த உண்மையின்மேல் எழுந்தவை. பெரியவர் இருவர், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், சேர்ந்துண்ணும் சிற்றுணவு, மாறாத ஒழுங்கு ஆகியவையே அவற்றின் கருவிகள். நம்பத்தக்க பெரியவர் ஒருவரின் உறவைப் பெறாத பிள்ளை, பாடம் கற்குமுன் அவ்வுறவைப் பெற வேண்டும் என்பது அவரது கொள்கை.

ஓர் எச்சரிக்கையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பழைய நடத்தை பயனளிக்காது போகும்போது பிள்ளை உடனே அதைக் கைவிடுவதில்லை. முதலில் அதைக் கூடுதலாகச் செய்து பார்க்கிறான். திட்டம் தொடங்கிய சில நாள்களில் நிலைமை முன்னிலும் மோசமாகத் தோன்றுவது இதனாலேயே. பெரும்பாலான பள்ளிகள் இக்கட்டத்தில்தான் மனந்தளர்ந்து, 'இதையும் செய்து பார்த்துவிட்டோம்' என்று பழைய முறைக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பினால், இன்னும் பெரிதாகக் கூச்சலிட்டால் பலன் கிட்டும் என்ற பாடத்தையே நாம் அவனுக்குக் கற்பித்தவராவோம்.

5. கொந்தளிக்கும் வேளையில்

சினம் உச்சநிலையில் இருக்கும் பிள்ளையோடு வாதிடுவது வீண். அவ்வேளையில் அறிவுரை அவன் செவியில் ஏறாது. ஆசிரியர் தம் குரலைத் தாழ்த்த வேண்டும். சொற்களைக் குறைக்க வேண்டும். சற்று விலகி நிற்க வேண்டும். அவன் வழியை மறிக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் ஏனைய மாணவரை அப்புறப்படுத்துவது அவனை இழுத்துச் செல்வதைவிட எளிது. எவருக்கேனும் காயம் நேரும் என்ற நிலையில் மட்டுமே உடலளவில் தடுக்கலாம். அதுவும் தேவைக்கு மேற்படாத அளவில்.

அவன் அடங்கியவுடனே மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்துவதும் தவறு. அடங்கியது போலத் தோன்றும் பிள்ளை மீண்டும் கொதித்தெழுவது இக்கட்டத்தில்தான். அரைமணி நேரம் கழித்தோ மறுநாளோ தனியே அழைத்து அமர வைத்து, என்ன நிகழ்ந்தது, யாருக்கு வருத்தம் விளைந்தது, அதைச் சீர்செய்ய நீ என்ன செய்வாய், அடுத்த முறை நான் உனக்கு எவ்வாறு உதவலாம் என்று வினவ வேண்டும். நான்காம் வினாவை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

6. தண்டனையும் அவமானமும்

பள்ளி ஒழுங்கின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. ஆங்கிலத் திருச்சபையின் குருவான ஆண்ட்ரூ பெல், 1789 முதல் எழும்பூரிலிருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றிருந்தார். நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு வளர்த்தார். 1797இல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் வழியாக அது 'சென்னை முறை' எனப் புகழ் பெற்றது. குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதித்து, மாணவரே நடுவராய் அமர்ந்து விசாரிக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. அடி குறைந்த பள்ளி ஒன்று இயலும் என அவர் காட்ட முயன்றார்.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த பள்ளிகளை நடத்தினார். அவரும் பிரம்படியை வெறுத்தவரே. ஆனால் அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுதல், கூடையில் அமர்த்தி எல்லோரும் காண உயரே தொங்கவிடுதல் முதலிய தண்டனைகளை வகுத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய கோதண்டம் என்ற தண்டனையும் இதற்கு இளைத்ததன்று.

பிரம்பைக் கைவிட்டதனாலேயே நாம் தண்டனையைக் கைவிட்டவர் ஆகிவிடவில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்துதல், சாதியையோ தகப்பன் தொழிலையோ சுட்டிப் பேசுதல், விடுதியில் உணவைக் குறைத்தல், கட்டணம் செலுத்தாததைப் பிறர் முன் கூறுதல் ஆகியவை உடலில் தழும்பு விடாத அடிகளாம். வாசிக்கத் தெரியாத வெட்கத்தால் குழப்பம் செய்யும் பிள்ளையின்மேல் இன்னொரு வெட்கத்தைச் சுமத்துவது, தீயை எண்ணெயால் அணைக்க முயல்வதாகும்.

இங்கு நம் வாசகர் பலரின் மனத்தில் எழும் ஒரு வினாவையும் எதிர்கொள்ள வேண்டும். நீதிமொழிகள் நூல் பிரம்பைப் பற்றிப் பேசவில்லையா என்பதே அது. 'அடியாத மாடு படியாது' என்னும் நம் பழமொழியோடு அவ்வசனங்களையும் இணைத்து மேற்கோள் காட்டும் தாளாளர் உண்டு. அந்நூல் கூறும் எபிரெயச் சொல்லான 'ஷேபெத்', 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பன் கையிலுள்ள கோலையும், லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில் மந்தையை எண்ணும் கோலையும் குறிக்கிறது என்பது உண்மை. ஆயினும் அந்நூலின் வசனங்கள் அடிப்பதையே குறிக்கவில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. 23ஆம் அதிகாரம் அடித்தலைத் தெளிவாகவே கூறுகிறது. அவ்வசனங்கள் ஒரு தகப்பன் தன் மகனை வழிநடத்தும் அக்காலக் குடும்பச் சூழலில் எழுந்தவை. ஊதியம் பெறும் ஆசிரியர் பிறர் பிள்ளையை அடிப்பதற்கு அவை உரிமைச் சீட்டு ஆகமாட்டா. பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்ய வேண்டாமெனப் பெற்றோரை எச்சரிக்கும் நிருபப் பகுதிகளையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். பிள்ளையைத் திருத்தாமல் விட்டுவிடுவது அன்பன்று என்பதே அந்நீதிமொழியின் உட்கருத்து. அக்கருத்தை ஏற்று, திருத்தும் வழியை இன்றைய அறிவைக்கொண்டு தெரிந்தெடுப்பது வசனத்தை மறுப்பதாகாது.

7. சட்டம் கூறுவது

பிள்ளைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. பள்ளி ஒழுங்கு பிள்ளையின் மனித மாண்புக்கு இசைய நடத்தப்பட வேண்டும் என்பது அதன் 28ஆம் உறுப்பின் கோரிக்கை. தமிழக அரசு 2003இல் தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனைக்குத் தடை விதித்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

அச்சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மறு ஆய்வுக்கு உரியதென 2025இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு கருதியது. வழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று தெளிவு. சிறுபான்மை உரிமை என்பது கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையேயன்றிப் பிள்ளைகளை அடிக்கும் உரிமையன்று. அதைக் கேடயமாகக் கொள்வது நம் சாட்சிக்கு இழுக்காகும்.

இன்னொரு சட்டத்தையும் ஆயர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். நேற்றுவரை அமைதியாயிருந்த பிள்ளை திடீரென முரடனாவதற்கும், ஒருவரைக் கண்டால் மட்டும் அஞ்சி ஒதுங்குவதற்கும், விடுதிக்குத் திரும்ப மறுப்பதற்கும் பின்னால் பாலியல் வன்முறை மறைந்திருக்கக்கூடும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவியாமை தண்டனைக்குரியது. குற்றம் சாட்டப்படுபவர் சபையின் மூப்பராயினும், ஆசிரியராயினும், உடன் ஊழியராயினும் இதற்கு விலக்கில்லை. நிறுவனத்தின் பெயரைக் காக்கவென்று உள்ளே பேசி முடிப்பது, பிள்ளையை இரண்டாம் முறை கைவிடுவதாகும். 1098 என்ற தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் விடுதியிலும் பிள்ளைகள் காணும்படி எழுதி வைத்தல் வேண்டும்.

8. தாளாளரான ஆயர் செய்யத்தக்கவை

வகுப்பறையில் பாடம் நடத்துவது ஆயரின் பணியன்று. எனினும் அவர் கேட்கும் வினாக்களே பள்ளியின் போக்கை நிர்ணயிக்கின்றன. நாம் தொடக்கத்தில் கண்ட கோப்பு மேசைக்கு வரும்போது பின்வரும் ஐந்து வினாக்களை அவர் எழுத்தில் கேட்கலாம்.

(1) இரண்டு வாரப் பதிவேடு எழுதப்பட்டதா? அதில் கண்ட ஒழுங்கு யாது?

(2) மாணவனின் கண், செவி, வாசிப்புத் திறன் ஆகியவை சோதிக்கப்பட்டனவா?

(3) இந்நடத்தையால் அவனுக்குக் கிடைப்பது என்ன? அதை முறையாய்ப் பெற அவனுக்கு எவ்வழி கற்பிக்கப்பட்டது?

(4) அவனை நாள்தோறும் சந்திக்கும் பெரியவர் யார்? பெற்றோரிடம் குற்றம் கூறுவதற்கன்றி வேறெதற்கேனும் பள்ளி பேசியதுண்டா?

(5) திட்டம் எத்தனை வாரம் நடைமுறையில் இருந்தது?

இவ்வினாக்களுக்கு விடையில்லாத கோப்பைத் திருப்பி அனுப்புவது ஆசிரியரை அவமதிப்பதாகாது. ஆனால் வெறுங்கையாய்த் திருப்பி அனுப்பலாகாது. அம்மாணவனுக்கு மாலைதோறும் வாசிப்புப் பயிற்சி தர ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சபையிலிருந்து தேடித் தருதல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் செலவை ஏற்றல், களைத்துப்போன ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஓய்வு கிட்டச் செய்தல், வீட்டைச் சந்தித்தல் ஆகியவை ஆயரால் இயலக்கூடியவை. இறுதியில் சொன்ன வீடு சந்திப்பு நம் ஊழியத்தின் பழைய கருவி. தலைமையாசிரியர் அழைத்தால் அஞ்சும் தாய், ஆயர் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும்போது உள்ளதைச் சொல்வாள். தகப்பன் வேலை தேடி வெளியூர் சென்று மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்ற செய்தி எந்தப் பதிவேட்டிலும் இராது.

இறையியல் மாணவருக்கு ஒரு சொல். களப்பயிற்சிக்குச் செல்லும் சபையில் ஒரு பள்ளியோ விடுதியோ இருக்குமாயின், அங்கு 'மிகவும் மோசமானவன்' எனச் சுட்டப்படும் பிள்ளையை இரண்டு வாரம் உற்றுநோக்கி, மேற்கூறிய மூன்று பத்திகளை எழுதிப் பாருங்கள். பிற்காலத்தில் தாளாளர் நாற்காலியில் அமரும்போது அப்பயிற்சி உங்கள் கையைச் சற்று நிதானிக்கச் செய்யும்.

முடிவுரை

இம்முறையால் எல்லாப் பிள்ளைகளும் மாறிவிடுவர் என்று கூறவில்லை. சிலருக்கு நம் பள்ளியால் தர இயலாத சிறப்புக் கல்வி தேவைப்படும். அவ்வாறாயின், அவர்களுக்குரிய இடத்தைத் தேடி, கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுவரை நம் பொறுப்பு நீள்கிறது. வாயிற்கதவு வரை மட்டுமன்று.

நாம் கற்பனை செய்த மாணவன் இரண்டு மாதத்தில் வகுப்பின் முதல்வனாக மாட்டான். ஒருநாள் தன் முறை வந்தபோது எழுந்து நின்று, ஏற்கெனவே பழகிய நான்கு வரிகளைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்து அமர்ந்தால் அது போதும். அந்நாளில் அவனுக்குப் பேனாவால் எவரையும் குத்தவேண்டிய தேவை இராது. அந்த நான்கு வரிகளுக்கு வேண்டிய கால அவகாசத்தைத் தருவதா, மறுப்பதா என்பதே தாளாளரின் மேசைமேல் இருக்கும் வினா.